மண்டையோடும் மான்கொம்பும்: பேணும் முறையும் பெறும் அறிவும்

1846ஆம் ஆண்டில், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த வங்க ஆசியக் கழகத்தின் ஆய்விதழில், மலாயாத் தீபகற்பத்திலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் வாழும் பாலூட்டிகளின் பட்டியல் ஒன்று அச்சேறியது. அதனைத் தொகுத்தவர் தியடோர் காண்டர் என்னும் டென்மார்க்கு நாட்டு மருத்துவர். கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவப் பணியில் அமர்ந்து பினாங்கில் வாழ்ந்த அவர், ஓய்வு நேரத்தில் விலங்கு, பாம்பு, மீன் ஆகியவற்றைத் திரட்டி ஆராய்ந்தார். 1849ஆம் ஆண்டில் மலாயா மீன்களின் பட்டியலையும் வெளியிட்டார். இந்நாட்டு உயிரினங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அவ்விரு பட்டியலும் அடிப்படை நூல்களாயின. அவர் திரட்டிய மாதிரிகளோ பினாங்கில் தங்கவில்லை. அவற்றுட் பல கும்பினியின் வழியாக இலண்டன் சென்று சேர்ந்தன.

பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த செபராங் பிறையில் குவார் கெப்பா என்றோர் இடம் உண்டு. பழங்கால மக்கள் தின்று எறிந்த சிப்பிகள் அங்கு மேடாகக் குவிந்து கிடந்தன. 1860ஆம் ஆண்டளவில் ஜார்ஜ் வின்சர் ஏர்ல் என்னும் ஆங்கிலேய அதிகாரி அம்மேட்டை அகழ்ந்து மனித எலும்புகளைக் கண்டெடுத்தார். அவை இங்கிலாந்தில் தாமஸ் ஹக்ஸ்லியின் கைக்குச் சென்றன. 1934ஆம் ஆண்டில் டச்சு அறிஞர் வான் ஸ்டெயின் காலன்பெல்ஸ் மீண்டும் அகழ்ந்தார். அப்போது கிடைத்த எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகரை அடைந்தன. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அதே இடத்தில் ஒரு காட்சிக்கூடம் எழுப்புதற்கு நிலத்தைத் தோண்டியபோது மற்றுமோர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. ‘பினாங்குப் பெண்’ என்று இன்று அழைக்கப்பெறும் அவ்வெலும்புக்கூடு ஏறத்தாழ 5,700 ஆண்டு பழைமையது. அதனை ஆராய்ந்தவர்கள் பினாங்கிலேயே உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார்.

முன்னை எலும்புகள் கடல் கடந்தமைக்கு அயலார் ஆட்சி ஒரு காரணம். எலும்பை எடுத்துத் தூய்மை செய்து, கெடாமற் காத்து, கற்பவர்க்குக் காட்டும் நிலையமும் பயிற்சியும் இங்கு இல்லாமை மற்றொரு காரணம். ஆதலின் மண்டையோட்டையும் கொம்பையும் பேணும் கலை வேட்டைக்காரரின் சுவர் அலங்காரத்தோடு முடிந்துவிடுவதன்று. ஒரு நாட்டின் இயற்கை வரலாறு அந்நாட்டிலேயே தங்குமா என்பது அக்கலையை ஒட்டியது. பெரிய நிலையங்களுக்கு மட்டும் உரியதாகத் தோன்றினும், அதன் அடிப்படை முறைகளை ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் கையாளலாம்.

எலும்பின் இயல்பு

எலும்பு கல்லைப்போல் உயிரற்ற பொருள் அன்று. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சுண்ணகம் கலந்த பாஸ்பேட்டு உப்பு; எஞ்சியதிற் பெரும்பகுதி கொல்லஜன் என்னும் நார்ப்பொருள். உப்பு எலும்புக்கு வன்மை தருகிறது. நார் அதற்கு நெகிழ்வு தருகிறது. நார் அழிந்தால் எலும்பு சுண்ணாம்புக் கட்டியைப் போல் பொடியும். உப்புக் கரைந்தால் ரப்பரைப் போல் வளையும். எலும்பைத் தூய்மை செய்வோர் மனத்திற் கொள்ள வேண்டிய முதல் உண்மை இதுவே. சதையை அழிக்கும் பொருள் எதுவாயினும், அது எலும்பின் நாரையும் அழிக்குமா என்று பார்த்த பின்னரே அதனைக் கையாள வேண்டும். ஏனெனின் சதையும் நாரும் ஒரே புரத இனத்தவை.

தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்தும் வச்சிரப் பசை எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை எண்ணினால் இது தெளிவாகும். எலும்பையும் தோலையும் நெடுநேரம் கொதிக்க வைத்தால் அவற்றின் நார் கரைந்து பசையாகிறது. மண்டையோட்டை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைப்போர், தாம் அறியாமலே அம்மண்டையோட்டிலிருந்து பசை காய்ச்சுகின்றனர்.

கொம்பு வகை இரண்டு

தமிழில் கொம்பு, கோடு, மருப்பு என்னும் மூன்று சொற்களும் விலங்கின் தலையில் நீண்டு நிற்பதைக் குறிக்கும். யானையின் தந்தத்துக்கும் அவை வழங்கும். ஆனால் விலங்கு நூலார் தலைக்கொம்பை இரு வேறு பொருள்களாகப் பிரிப்பர். ஒன்று, மான் இனத்தின் கொம்பு. இது முழுவதும் எலும்பே. மண்டையில் உள்ள குமிழ் போன்ற அடியிலிருந்து மெல்லிய மயிர்த்தோல் போர்த்து வளரும். அத்தோலில் ஓடும் குருதி அதற்கு உணவூட்டும். பெரிய மான்களில் அது நாளொன்றுக்கு 2 சென்டிமீட்டர் அளவுகூட நீள்வது உண்டு. வளர்ச்சி முடிந்ததும் தோல் உரியும்; எலும்பு மட்டும் நிற்கும்; பருவம் கழிந்ததும் அடியோடு உதிரும்; பின் புதியது முளைக்கும். வெப்ப நாட்டு மான்களில் இப்பருவம் குளிர்நாடுகளிற் போல ஒழுங்காக இராது. பனிமான் ஒன்றை நீக்கினால், கொம்பு ஆண்மானுக்கே உரியது.

மற்றொன்று, ஆடு, மாடு, வரையாடு, புல்வாய் ஆகியவற்றின் கொம்பு. இதில் உள்ளே எலும்புத் தண்டும், வெளியே நகமும் மயிரும் ஆக்கப்பட்ட அதே பொருளாலான உறையும் உள்ளன. இது உதிர்வதில்லை, கிளைப்பதும் இல்லை. காண்டாமிருகத்தின் கொம்பு இவ்விரண்டிலும் சேராது. அது எலும்புத் தண்டே இல்லாத முழு உறைப்பொருள். முன்னதை உதிர்கொம்பு என்றும் பின்னதை உறைக்கொம்பு என்றும் வகுப்பறையில் வழங்கலாம். இரண்டையும் தீ எளிதிற் பிரித்துக் காட்டும். மான்கொம்பைச் சுட்டால் வெண்ணிறச் சாம்பல் எஞ்சும்; சித்த மருத்துவத்தில் சிருங்கி பற்பம் மான்கொம்பிலிருந்து செய்யப்படுவது இவ்வியல்பு பற்றியே. ஆட்டுக்கொம்பின் உறையைச் சுட்டால் மயிர் கருகும் நாற்றம் எழும்.

தமிழாசிரியர்க்கு இப்பிரிவு இலக்கியத்திலும் உதவும். தொல்காப்பிய மரபியல் இரலை, கலை என்னும் ஆண்பாற் பெயர்களைப் புல்வாய்க்கு உரிமையாக்கி, கலை என்னும் பெயரை உழைக்கும் கூட்டித் தருகிறது. புல்வாயும் உழையும் பேச்சு வழக்கில் மான் என்றே அழைக்கப்பெறினும், புல்வாயின் கொம்பு முறுக்குடைய உறைக்கொம்பு. புள்ளிமானாகிய உழையின் கொம்பு கிளைத்த உதிர்கொம்பு. சங்கப் புலவர்கள் இரலையின் மருப்பைத் திரிந்து முறுக்குண்டதாகவும், கலையின் தலையைக் கவர்பட்டதாகவும் பாடியிருத்தல் அவர்தம் கண்ணின் கூர்மையைக் காட்டும். பெயர் வழக்கோ சிலவிடங்களில் மயக்கும். கேளையாடு என்று தமிழ்நாட்டு மலைகளில் வழங்குவது ஆடு அன்று. மலாய் மொழியில் கிஜாங் எனப்படும் சிறுமானின் இனம் அது. அதன் மண்டையோட்டைக் கையில் எடுத்தால் ஐயம் தீரும்: நீண்ட எலும்புத் தண்டின்மேல் சிறிய உதிர்கொம்பு, ஆணின் மேல்வாயில் வெளியே நீண்ட கோரைப்பல். மலாய்க் கதைகளில் அறிவுக்குப் பெயர்பெற்ற காஞ்சில் என்னும் சருகுமானுக்கோ கொம்பே இல்லை; ஆணுக்குக் கோரைப்பல் மட்டும் உண்டு.

சதை நீக்கும் வழிகள்

மண்டையோட்டைத் தூய்மை செய்ய வழிகள் பல. எல்லாவற்றிலும் முதற்செயல் ஒன்றே: தோலையும், கத்தியால் எட்டும் சதையையும், கண்ணையும் நாவையும் நீக்குதல், பின், பிடரியில் முதுகுத்தண்டு சேரும் பெருந்துளையின் வழியே வளைந்த கம்பியைச் செலுத்தி மூளையைக் கலக்கி, நீரைப் பாய்ச்சி வெளியேற்றுதல். எலும்பின்மேற் கத்தி படக் கூடாது. பட்ட கீறல் என்றும் மாறாது; பிற்கால ஆராய்ச்சியாளர் அதனைப் பழைய காயம் என்று மயங்கவும் கூடும்.

அடுத்து, எஞ்சிய சதையை நீக்குதற்கு அருங்காட்சியகங்கள் பெரிதும் நம்புவது நீரில் ஊறவைக்கும் முறை. மண்டையோட்டை நீர் நிறைந்த வாளியில் இட்டு மூடிவைத்தால், நீரில் உள்ள நுண்ணுயிர்கள் சதையைத் தின்று கரைக்கும். 35 பாகை முதல் 40 பாகை வரை வெப்பம் இருப்பின் அவை விரைந்து செயற்படும். குளிர்நாடுகளில் இதற்கெனக் கருவியால் நீரைச் சூடாக்குகின்றனர். பினாங்கிலோ இயற்கை வெப்பமே பெரும்பாலும் போதும். ஆட்டுத்தலை ஒன்று இரண்டு வாரம் முதல் நான்கு வாரத்தில் தூய்மையாகும். நீரை முழுவதும் மாற்றாமல், பாதியை மட்டும் சில நாளைக்கொருமுறை மாற்றினால் நுண்ணுயிர்களின் கூட்டம் குலையாது. நாற்றம் மிகுதி, ஆதலின் வீட்டுக்கும் வகுப்பறைக்கும் எட்டிய இடம் வேண்டும். மூடியைச் சற்றும் இடைவெளியின்றிப் பொருத்துவதோ, நெருக்கமான வலைத்துணியால் இறுகக் கட்டுவதோ கட்டாயம். டெங்கிக் கொசு முட்டையிடத் தேடுவது இத்தகைய தேங்கிய நீரையே. 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் அதனைக் குற்றமாகவும் கொள்ளும்.

ஊறல் முடிந்தபின் நீரை வடிக்கும்போது சல்லடையோ மெல்லிய துணியோ அடியில் இருத்தல் வேண்டும். ஒற்றை வேர் உடைய முன்பற்கள் ஊறலில் கழன்று அடியில் தங்கும். அவற்றை நீரோடு கொட்டிவிட்டுப் பின் வருந்துவோர் பலர். சந்தைக்கு வரும் ஆடு பெரும்பாலும் இளையது ஆதலின், மண்டையின் எலும்புத்தட்டுகள் ஒன்றோடொன்று இறுகியிரா. அவையும் பிரியக்கூடும். பிரிந்தவற்றை உலர்த்திப் பொருந்தும் இடம் பார்த்து ஒட்டினால், மண்டை பல எலும்புகளின் சேர்க்கை என்னும் பாடம் தானே விளங்கும்.

வெந்நீர் முறை விரைவானது. ஆனால் நீர் கொதிக்கக் கூடாது. கை பொறுக்காத சூட்டில், ஆவி மட்டும் எழும் நிலையில் இருத்தல் வேண்டும். கொதித்தால் எலும்பின் நார் கரையும், கொழுப்பு எலும்பினுட் புகும், மூக்குக்குழியில் உள்ள தாளினும் மெல்லிய எலும்புச் சுருள்கள் நெளியும், பல் வெடிக்கும்.

மூன்றாவது முறையில் வேலையாட்கள் வண்டுகள். உலர்ந்த தோலையும் கருவாட்டையும் அரிக்கும் டெர்மெஸ்டிட் என்னும் சிறு வண்டினத்தின் புழுக்கள், உலர்ந்த சதையை எலும்பின் நுண்துளைவரை புகுந்து தின்னும். எலும்பையோ அவை எளிதில் தொடுவதில்லை. எலி, வௌவால் போன்ற சிற்றுயிர்களின் மண்டையைக் கலையாமல் எடுக்க இதனினும் சிறந்த முறை இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக அருங்காட்சியகங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்வண்டுகளைப் பெட்டியில் வளர்த்துப் பணிகொண்டன. ஆயினும் இவை இருமுனைக் கத்தி. பெட்டியை விட்டுத் தப்பினால், பாடம் செய்து வைத்த தோல்களையும் பறவைகளையும் இவையே அழிக்கும். ஆதலின் தூய்மையான எலும்பை உறைநிலைக்குக் கீழ் 20 பாகைக் குளிரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்து, தப்பிய முட்டையும் புழுவும் மாண்டபின்னரே காட்சியறைக்குக் கொண்டுசெல்வர்.

மண்ணிற் புதைப்பது ஊரார் அறிந்த முறை. ஆயினும் இந்நாட்டில் அது நல்லதன்று. மழை மிகுந்த நாட்டின் மண் புளிப்புடையது. எலும்பின் உப்பை அது மெல்லக் கரைக்கும். வேர்கள் எலும்பின்மேற் கோலமிடும், மண்ணின் நிறம் ஏறும், பற்கள் தொலையும். குவார் கெப்பாவின் எலும்புகள் பல்லாயிரம் ஆண்டு நின்றது எவ்வாறு எனின், சிப்பிமேட்டின் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை முறித்ததனால் ஆகும். வீட்டுத் தோட்டத்தில் அத்தகைய காப்பு இல்லை.

கொழுப்பும் வெண்மையும்

சதை நீங்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவது பொதுவான பிழை. எலும்பினுள் கொழுப்பு உண்டு. அதனை நீக்காவிடின், சில திங்களில் மண்டையோட்டின்மேல் மஞ்சள் நிறத்தில் எண்ணெய் கசியும், தூசு ஒட்டும், நாற்றம் எழும், கெட்ட கொழுப்பின் புளிப்பு எலும்பையே அரிக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரை வெதுவெதுப்பாக வைத்து, அதில் எலும்பை ஊறவிட்டு, நீர் கலங்கும்போதெல்லாம் மாற்ற வேண்டும். ஆட்டுக்குச் சில வாரம் போதும். பன்றிக்குப் பல திங்கள் ஆகலாம். திமிங்கிலத்துக்கு ஆண்டுக்கணக்கும் ஆகும். உலர்த்திப் பார்க்கும்போது ஒளி ஊடுருவும் மஞ்சள் திட்டு எங்கும் இல்லையெனின் கொழுப்பு நீங்கியது என்று கொள்ளலாம்.

வெளுப்பதற்கு உரியது ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டுக் கரைசலே போதும். ஒரு நாளோ இரண்டு நாளோ ஊறவிட்டு, நீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். செறிவு மிக்க கரைசல் தோலைச் சுடும், கண்ணைக் கெடுக்கும், ஆதலின் பள்ளிக்கு அது வேண்டா. ஊறும் கலத்தை இறுக மூடவும் கூடாது. வெளிப்படும் ஆக்சிஜன் கலத்தை வெடிக்கச் செய்யும்.

துணி வெளுக்கும் குளோரின் கரைசலை மட்டும் எக்காரணத்தாலும் பயன்படுத்தலாகாது. அது எலும்பின் நாரைத் தாக்கும். மண்டையோடு அன்று வெண்மையாகத் தோன்றினும், அதன் மேற்பரப்பு நாளடைவிற் சுண்ணாம்புத் தூளாக உதிரும். உண்மையில் அருங்காட்சியகங்கள் ஆராய்ச்சிக்குரிய எலும்பைப் பெரும்பாலும் வெளுப்பதே இல்லை. வெண்மை கண்ணுக்கு விருந்து. ஆராய்ச்சிக்குத் தேவை முழுமை.

கொம்பைக் காக்கும் முறை

உதிர்கொம்பின் பழுப்பு நிறம் அதனோடு பிறந்ததன்று. தோல் உரியும்போது தங்கிய குருதியும், மான் மரத்தில் உரசும்போது ஏறிய பட்டைச்சாறும், மண்ணும் சேர்ந்து அந்நிறத்தைத் தருகின்றன. ஆதலின் கொம்பை ஊறவைத்தாலும் வெளுத்தாலும் அந்நிறம் போய்விடும். மண்டையை நீரிலிடும்போது கொம்பு நீர்மட்டத்துக்கு மேல் நிற்க வேண்டும். வெளுக்கும்போது அதன் அடியைப் பிளாஸ்டிக் தாளாற் சுற்றிக் காக்க வேண்டும்.

உறைக்கொம்புக்கு முறை வேறு. சில நாள் ஊறியபின் உறை தளரும். அதனைத் திருகி இழுத்தால் கழன்றுவரும். உள்ளிருக்கும் தண்டைத் தனியே தூய்மை செய்து, இரண்டும் உலர்ந்தபின் உறையை மீண்டும் மாட்டலாம். கழற்றாமல் விட்டால் இடையிலுள்ள திசு அழுகி, பூச்சிக்கு உணவாகும்.

பழைய இல்லங்களிற் சுவரில் தொங்கும் கொம்புக்குத் தேங்காயெண்ணெய் பூசி மினுக்கும் வழக்கம் உண்டு. அது நன்மையன்று. எண்ணெய் கெட்டு நாறும், தூசைப் பிடிக்கும். வார்னிசும் நாளடைவில் மஞ்சளித்து உரியும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, சற்றே ஈரமான துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துவது போதும். தொங்கவிடும்போது எடையைக் கொம்பு தாங்காமல், நெற்றி எலும்பைத் தாங்கும் பலகை தாங்கவேண்டும்.

கொம்பின் அடியைப் பார்ப்போர்க்கு ஒரு செய்தி கிடைக்கும். தானே உதிர்ந்த கொம்பின் அடி சற்றே குவிந்து கரடுமுரடாக இருக்கும். கொன்று எடுத்த கொம்பில் மண்டை எலும்பின் துண்டு ஒட்டியிருக்கும். அல்லது அறுத்த தடம் தெரியும். நூறாண்டு கடந்தும் அந்தச் சான்று மறைவதில்லை.

ஈரக்காற்றும் பழைய நஞ்சும்

பினாங்குத் தீவின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 80 விழுக்காடு. எலும்புக்கு ஏற்றது 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரம். 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் முளைக்கும். அதனினும் கெடுதியானது ஈரம் அடிக்கடி ஏறி இறங்குவது. பகலில் குளிர்சாதனம் ஓட, இரவில் அது நிற்க, எலும்பும் தந்தமும் நாள்தோறும் சுருங்கி விரிந்து வெடிக்கும். எளிய காப்பு யாதெனில், நன்கு மூடும் கண்ணாடிப் பெட்டியும், அதனுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளும். மணிகள் நிறம் மாறியதும் அவற்றைச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். கதிரவன் ஒளி நேரே விழும் இடமும், சமையலறைப் புகை எட்டும் இடமும், வெளிச்சுவரும் ஆகா.

வேறொரு தீங்கு கண்ணுக்குத் தெரிவதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு மெட்ஸ் நகரத்து மருந்தாளர் பெகூர் என்பார் பாடம் செய்த தோல்களைப் பூச்சியினின்று காக்க ஆர்சனிக் கலந்த சோப்பு ஒன்றை ஆக்கினார். அம்முறை உலகெங்கும் பரவி, இருபதாம் நூற்றாண்டிலும் நின்றது. ஆதலின் தோலும் மயிரும் உள்ள பழைய தலைகளைப் பள்ளிக்கு எவரேனும் அன்பளிப்பாகத் தந்தால், அவற்றில் நஞ்சு உண்டு என்றே கொள்ள வேண்டும். கையுறை இன்றித் தொடலாகாது. தட்டித் தூசு எழுப்பலாகாது. மாணவர் கைக்குத் தரலாகாது. தோலற்ற மண்டையோட்டில் இவ்வச்சம் குறைவு. எனினும் பழம்பொருளைத் தொட்டபின் கை கழுவுதல் நன்று.

நிலையங்கள் செய்த பணி

பினாங்குக்கு அண்மையில் உள்ள தைப்பிங்கில் 1883ஆம் ஆண்டு பேராக் அருங்காட்சியகம் தோன்றியது. மலேசியாவின் அருங்காட்சியகங்களுள் அதுவே மூத்தது. முதற் காப்பாளர் லெனர்ட் ரே. இந்நாட்டு விலங்குகளை இந்நாட்டிலேயே பேணிக் காட்ட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. தமிழகத்தில் 1851ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென்னை அருங்காட்சியகமும், 1902ஆம் ஆண்டு கோவையில் தோன்றிய காஸ் வன அருங்காட்சியகமும் அத்தகைய பணியைச் செய்தன.

பெரிய எலும்பைப் பேணும் உழைப்புக்குத் திமிங்கிலமே சான்று. 1892ஆம் ஆண்டு மலாக்காவை அடுத்த கரையில் 42 அடி நீளத் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கி மாண்டது. அதன் எலும்புக்கூடு சிங்கப்பூர் ராபிள்ஸ் அருங்காட்சியகத்தை அடைந்தது. எனினும், கோத்துத் தொங்கவிடுதற்கு 1907ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. 1974ஆம் ஆண்டில் அது மலேசியாவுக்கு அளிக்கப்பெற்றது. 2015ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரின் ஜூரோங் தீவை அடுத்து 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் திமிங்கிலம் ஒன்று மாண்டு மிதந்தது. லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் சதை நீக்கி, எலும்பைத் தூய்மை செய்து, 2016ஆம் ஆண்டிலேயே காட்சிக்கு வைத்தனர். அதன் வயிற்றிற் கிடந்த கணவாய் அலகுகளையும் பிளாஸ்டிக் குப்பையையும் அவர்கள் எடுத்து வைத்தனர். அழகுக்காக மட்டும் எலும்பை எடுத்திருந்தால் அச்சான்று அழுகலோடு போயிருக்கும்.

சட்டத்தின் எல்லை

காட்டில் கண்டெடுத்தது ஆயினும், முன்னோர் விட்டுச் சென்றது ஆயினும், காட்டுவிலங்கின் மண்டையும் கொம்பும் விரும்பியவாறு வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் உறுப்புகளையும் விலங்கைப் போலவே கருதுகிறது. உரிமம் வேண்டுமா என்பதை வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் எழுத்து மூலம் கேட்டு அறிதல் தக்கது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் மான்கொம்பைத் தன் வரம்புக்குள் வைத்துள்ளது. தமிழகத்து உறவினர் வீட்டிலிருந்து கொம்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவோர் இருநாட்டுச் சட்டத்தையும் மீறுவோராகலாம். ‘உதிர்ந்த கொம்புதானே’ என்னும் விடை அங்குச் செல்லாது. உதிர்ந்ததற்கும் விலை உண்டெனின், விழும்வரை காத்திராமல் கொல்வோரும் தோன்றுவர் என்பதே சட்டத்தின் கருத்து.

பள்ளிக்கு ஓர் ஆட்டுத்தலை

இத்தடை எதுவும் இறைச்சிக் கடை ஆட்டுத்தலைக்கு இல்லை. பிளவாத தலை வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னால் கடைக்காரர் தருவார். ஊறலும் சோப்பு நீரும் பெராக்சைடும் சேர்ந்து இரண்டு மூன்று திங்களில் ஒரு பாடப்பொருள் ஆயத்தமாகும். கத்தியும் கரைசலும் ஆசிரியர் கையில் இருக்கட்டும்; மாணவர் காண்பதும் எழுதுவதும் போதும். மாட்டுத்தலையைப் பயன்படுத்துமுன் மாணவரின் வீட்டு மரபையும் எண்ணிப் பார்த்தல் ஆசிரியரின் கடமை.

அம்மண்டையோடு கற்பிப்பது பல. முழு வளர்ச்சியுற்ற ஆட்டுக்குப் பற்கள் 32. ஆனால் மேல்வாயின் முன்புறத்தில் ஒரு பல்லும் இல்லை. கீழ்ப்பற்கள் எட்டும் மேலேயுள்ள தடித்த ஈறும் சேர்ந்தே இலையைப் பறிக்கின்றன. முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே வெற்றிடம். கண்குழிகள் இருபுறமும் விலகியிருப்பது பின்வரும் பகையையும் காண உதவும். பூனையின் கண்குழிகளோ முன்னோக்கி, பாயும் தொலைவை அளக்கும். பிடரித்துளையின் விளிம்பில் இருக்கும் இரு குமிழ்கள் தலை மேலும் கீழும் அசையும் கீல்கள். படத்தில் பத்துமுறை பார்த்தும் நிலையாத செய்தி, விரலால் தடவியதும் நிலைக்கும்.

பெயர்ச்சீட்டு

எல்லாவற்றினும் எளிதும், எல்லாவற்றினும் மிகுதியாக மறக்கப்படுவதும் பெயர்ச்சீட்டே. விலங்கு எது, ஆணா பெண்ணா, எங்கே கிடைத்தது, எந்த நாள், யார் எடுத்தார், எம்முறையால் தூய்மை செய்தார் என்னும் செய்திகள் ஒரு பதிவேட்டில் எழுதப்படவேண்டும். பதிவேட்டின் எண் மண்டையோட்டின் மறைவிடத்திலும் கரிக்கோலால் எழுதப்படவேண்டும். கரிக்கோல் எழுத்து ஒளியில் மங்காது, ஈரத்திற் பரவாது. தாடை பிரியக்கூடியது ஆதலின் அதற்கும் அதே எண் வேண்டும். ஒட்டுவதற்குப் பயன்படுத்திய பசை எது என்பதையும் குறித்தால், பின்வருவோர் அதனைக் கரைத்துத் திருத்த இயலும்.

ஊர் அறியாத, நாள் அறியாத புலியின் மண்டையோடு ஒரு சுவரை அணிசெய்யலாம். அதனினும் மிகுதியாக எதுவும் சொல்ல அதனால் முடியாது. ஊரும் நாளும் குறித்த எலியின் மண்டையோடு, அந்த ஆண்டில் அந்த ஊரில் அவ்வினம் வாழ்ந்தது என்று நூறாண்டு கழித்தும் சான்று கூறும். பினாங்குக் குன்றின் அடிவாரம் குடியிருப்பாக மாறிவரும் இக்காலத்தில், இன்று சாலையில் அடிபட்டுக் கிடக்கும் அணிலும் நாளைய ஆராய்ச்சிக்குப் பயன்படலாம். அதனைக் கண்ட ஆசிரியர் இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, உரிய துறைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அறிவித்தல் தக்கது. பள்ளியின் பதிவேட்டிலோ முதல் எண்ணுக்கு உரியது ஆட்டுத்தலையாக இருக்கட்டும். நாள், இடம், எடுத்தவர் பெயர் என்னும் மூன்றையும் நிரப்பப் பழகிய மாணவனுக்குப் பின்னர் எவ்வெலும்பைக் கொடுத்தாலும் என்ன செய்வது என்று தெரியும்.